குளிக்கும்போது மட்டும் தமிழ்

1

போன வெள்ளிக்கிழமை ஒரு நல்ல மனிதரின் வீட்டில், அவர் போட்ட பிரியாணியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவர் மனைவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். மஸ்கட்டில் எனக்கு வீட்டுச் சாப்பாடு போட ஆள் குறைவு. இருந்த ஒரு வீட்டையும் கெடுத்துக்கொண்டாயே என்று அறைத் தோழர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஏன் கத்தினேன் என்று அவர்களுக்கு விளக்கிப் பார்த்தேன். பாதியிலேயே டிவியைப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கதை நடந்ததும் உங்கள் பக்கத்தில்தான், தாம்பரத்தில்.

செல்வராஜ் எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நான் ஏ.சி. மெக்கானிக். அவருக்குக் குடும்ப விசா உண்டு, எனக்கு இல்லை. அவருடைய இரண்டு வயது மகள் இப்போதுதான் பேச்சு பழகுகிறாள். சாப்பாட்டு மேஜையில் இருந்த ஜக்கைக் காட்டி "தண்ணி" என்றாள்.

"நோ நோ. சே வாட்டர். வாட்டர் சொன்னாத்தான் தருவேன்" என்றார் அவள் அம்மா.

"தண்ணி."

"வாட்டர்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. அவர் என் பக்கம் திரும்பி, "வீட்டுல நாங்க தமிழே பேசறதில்லண்ணா. நாளைக்கு ஸ்கூல்ல கஷ்டப்படக் கூடாதுல்ல?" என்று பெருமையாகச் சொன்னார்.

"தாகத்துக்குக் கேக்கற புள்ளகிட்ட இங்கிலீஷ் பாடமா நடத்துவே? முதல்ல தண்ணியக் குடும்மா!"

நான் போட்ட சத்தத்தில் குழந்தையே அழ மறந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த அறையில் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும்தான். அதை சர்வீஸ் செய்தவனும் நானே. "விடுங்க அன்வர் பாய்" என்று செல்வராஜ் மெல்லச் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெண் பாவம். நான் கத்தியது அவரைப் பார்த்தே இல்லை. தாம்பரத்தில் ஒரு சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளிடம் கத்தியதில் மிச்சம் இருந்தது, இங்கே வந்து கொட்டிவிட்டது.

2

என் மகள் நஸ்ரினுக்குக் காது சரியாகக் கேட்காது. இதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மனைவி ஜரினா. குக்கர் விசில் அடித்தபோது திரும்பாத குழந்தை, விமானப்படைப் பயிற்சி விமானம் வீட்டுக்கு மேலே போனபோதும் திரும்பவில்லை. "நம்ம குடும்பத்துல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவாங்க" என்று என் அக்கா பல்லாவரத்திலிருந்து தீர்ப்புச் சொன்னாள். ஜரினா கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயில் ஏறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துவிட்டு வந்தாள். நான் மஸ்கட்டில் ஒரு மொட்டைமாடியில் கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றபோது போனில் சேதி வந்தது. வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. குரோம்பேட்டையில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், சின்ன வயதுப் பெண். அவர் ஜரினாவிடம் சொன்னதை அவள் எனக்கு வார்த்தை மாறாமல் ஒப்பித்தாள்: "மெஷின் சத்தத்தைத்தான் குடுக்கும் அக்கா, பேச்சை நீங்கதான் குடுக்கணும். உங்க வாயில எந்த பாஷை தானா வருதோ, அதுல பேசிட்டே இருங்க. ஒரு பாஷை கெட்டியானதும் அடுத்தது பாத்துக்கலாம்."

ஜரினா அதிகம் பேசுகிற ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் பேச ஆரம்பித்தாள். விடிந்ததும் ஆரம்பித்தால் ஓய மாட்டாள். "வெங்காயம் உரிக்கிறேன். இதோ பாரு, தோலு. காஞ்ச தோலு. ஐயோ, கண்ணு எரியுது. உனக்கு எரியுதா? எனக்கு எரியுது." சேலையூரில் நாங்கள் இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் ஒருநாள் என் அக்காவிடம், "உங்க தம்பி பொண்டாட்டிக்கு எதுனா மனசு சரியில்லியா? தானாப் பேசிக்கினே இருக்குதே" என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பலன் இருந்தது. அடுத்த லீவில் நான் மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்தபோது நஸ்ரின் என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, "அத்தா வந்துச்சு. பெட்டி பெரிசு" என்றாள். 'ச' சரியாக வரவில்லை, 'பெரிது' மாதிரிதான் கேட்டது. டாக்ஸிக்காரர் பெட்டியை ஏற்றிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

3

பிறகு பள்ளிக்கூடம்.

அப்பன் வெளிநாட்டில் இருந்தால் பிள்ளை மெட்ரிகுலேஷனில்தான் படிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். ஜரினா ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கினாள். காதில் மெஷினைப் பார்த்ததும் சீட் தீர்ந்துபோகும். ஒரு பள்ளியில், அட்மிஷன் நடைபெறுகிறது என்ற பேனருக்குக் கீழேயே நிற்க வைத்து, அட்மிஷன் முடிந்துவிட்டது என்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணிடம் சொல்லும் பொய்யாவது கொஞ்சம் மரியாதையாக இருக்க வேண்டாமா?

கடைசியில் தாம்பரத்திலேயே கேம்ப் ரோடு பக்கத்தில் ஒரு பள்ளி சேர்த்துக்கொண்டது. "சேத்துக்கிட்டாங்க மச்சான்!" என்று போனில் அவள் கூவியதில் என் காது அடைத்துப்போனது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தாளாம். "வீட்டுல இங்கிலீஷ்லதான் பேசணுமாம்" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தாள். ஷூவுக்குப் பாலிஷ் போட வேண்டும், நகம் வெட்ட வேண்டும் என்று பள்ளிகள் சொல்லுமே, அந்த வகை என்று நினைத்து நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

அது அந்த வகையே இல்லை. கரஸ்பாண்டென்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்: குழந்தைக்கு ஏற்கெனவே குறை, இதில் இரண்டு மொழி குழப்பம் வேறு கூடாது. தமிழ் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழக்கூடாது. மீறினால் அடுத்த வருஷம் சீட் இல்லை.

ஜரினா பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ஆங்கிலத்தைப் படித்தால் புரியும், பேச வராது. மேற்கு தாம்பரம் மார்க்கெட் போய் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கிவந்தாள். அதில் மேனேஜருக்கு எப்படி வணக்கம் சொல்வது என்று இருந்தது. வெங்காயத் தோலைப் பற்றி ஒன்றும் இல்லை.

4

இங்கே கொஞ்சம் நிறுத்தி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் மஸ்கட் வந்த புதிதில் எனக்கு இந்தி தெரியாது, அரபி தெரியாது, மலையாளம் பாதி. ஃபோர்மேனிடமிருந்து எனக்குக் கிடைத்த மொத்த மொழி இதுதான்: வா, போ, தூக்கு, ஜல்தி, 'கிளம்பு'க்கு யல்லா, 'முடிஞ்சது'க்கு கலாஸ். இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு நன்றாக வேலை செய்யலாம். முதுகு வலிக்கிறது என்று சொல்ல முடியாது. நேற்று ஒரு கனவு வந்தது என்று சொல்ல முடியாது. நீ பண்ணுவது அநியாயம் என்று சொல்லவே முடியாது. ஏவுவதற்கு மட்டும் ஒரு மொழி இருந்தால், அதற்குள் இருக்கிறவன் கழுதைதான். ஊரில் பஸ் கண்டக்டரோடு மல்லுக்கட்டிய வாய் எனக்கு. இங்கே வந்து இளித்துக்கொண்டு நின்றேன். அதனாலேயே, அன்வர் நல்ல பையன், வம்பு தும்புக்குப் போக மாட்டான் என்று பெயர் வாங்கினேன்.

எனக்காவது ராத்திரி அறைக்கு வந்தால் தமிழ் இருந்தது.

5

அடுத்த லீவில் மீனம்பாக்கத்தில் இறங்கினேன். நஸ்ரின் வளர்ந்திருந்தாள், அவள் வகுப்பிலேயே உயரம் என்று ஜரினா சொன்னாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று குனிந்தேன்.

"கம்" என்றாள். கையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான்.

வீடு அமைதியாக இருந்தது. முன்பு ரேடியோ மாதிரி ஓடிக்கொண்டிருந்த சமையலறையில் கரண்டிச் சத்தம் மட்டும். ஜரினா வாசலுக்கு வந்து "நஸ்ரின், கம். சிட். ஈட்" என்பாள். "டோன்ட்" என்பாள். நஸ்ரின் வருவாள், உட்காருவாள், சாப்பிடுவாள். வேறு பேச்சு கிடையாது. நல்ல பிள்ளை, வம்பு தும்பு இல்லை.

நான் பெட்டியைப் பிரித்துச் சாக்லேட்டை எடுத்துக் கொடுத்து, "இது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா கண்ணு?" என்று ஆரம்பித்தேன். ஜரினா பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

"தமிழ்ல பேசாதீங்க மச்சான். ஸ்கூல்ல தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க."

"நான் என் புள்ளகிட்ட பேசறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ அங்க போய்த் தமிழ்ல எதுனா சொல்லிட்டா? போன மாசம் 'பசிக்குது'ன்னு சொல்லிட்டா. கூப்பிட்டுத் திட்டினாங்க."

மறுநாள் காலை. குளியலறையிலிருந்து ஜரினாவின் குரல் கேட்டது. பழைய குரல், நிற்காமல் ஓடும் குரல். "தலைய நல்லாக் குனி தங்கம். கண்ண மூடிக்க, சோப்பு எரியும். ஏன் இப்படி இளைச்சுட்டே? மதியம் சாப்பிடறியா, கொட்டிடறியா? பக்கத்துல யாரு உக்காருறா? உன்கூட விளையாடுறாங்களா, இல்லையா? அத்தா வந்திருக்காங்க பாத்தியா, உனக்கு என்னென்ன வாங்கிட்டு வந்திருக்காங்க…"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரும் வெளியே வந்ததும் கேட்டேன்.

ஜரினா குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே, ஏதோ சட்டப்படி நடந்துகொண்ட திருப்தியோடு சொன்னாள். "குளிக்கும்போது மெஷினைக் கழட்டிடுவேன்ல மச்சான், தண்ணி படக்கூடாதே. அப்ப பேசினா அவ காதுல விழாது. பின்னாடி நின்னுதான் பேசுவேன், வாயையும் பாக்க மாட்டா. எனக்கும் யார்கிட்டயாவது பேசணும்ல?"

ஜன்னலில் ஒரு துணியின் மேல் இரண்டு மெஷினும் பத்திரமாக இருந்தன.

குழந்தைக்குக் கேட்காத நேரமாகப் பார்த்து ஒரு தாய் குழந்தையோடு பேச வேண்டும் என்று ஆக்கிவைத்தது யார்? அந்தக் கரஸ்பாண்டென்ட் ஒன்றும் ரவுடி இல்லை. வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, பெயருக்குப் பின்னால் பட்டங்கள். ஆண்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட எழுந்து நிற்கிறவர்.

6

அன்றைக்கே பள்ளிக்குப் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "இன்னா சார்? அவுரு மீட்டிங்ல கீறாரு. அப்பாய்ன்மென்ட் இருந்தாத்தான் வுடுவாங்க." வெளியே நின்றபோது ஒன்றாம் வகுப்பு ஜன்னல் தெரிந்தது. நஸ்ரின் கடைசி பெஞ்சில், ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே. மிஸ் போர்டில் எழுதிக்கொண்டே, போர்டிடமே பேசிக்கொண்டிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் நோட்டைத் திறந்தார்கள். நஸ்ரின் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அப்புறம் திறந்தாள்.

வெகுநேரம் கழித்து உள்ளே விட்டார்கள். சுழல்நாற்காலி என் பக்கம் திரும்பியது.

"யெஸ், மிஸ்டர் அன்வர். ஃபாரின்ல இருக்கீங்க இல்ல? குட்."

"புள்ளைய முதல் பெஞ்சுல உக்கார வைங்க சார்."

"ஹைட் வைஸ்தான் உக்கார வைப்போம். உங்க பொண்ணு உயரம். பின்னாடி உக்காருற சில்ட்ரனோட பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க."

"மிஸ்ஸையாவது புள்ளைங்க பக்கம் திரும்பிப் பேசச் சொல்லுங்க. அவ வாயப் பாத்துதான் சார் பாதி புரிஞ்சுக்குவா."

"ஒரு ஸ்டூடன்ட்டுக்காக டீச்சிங் மெத்தடை மாத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"சரி. வீட்டுல தமிழ் பேசக் கூடாதுன்னு ஏன் சார் சொன்னீங்க?"

அவர் சிரித்தார். என்னமாய்ப் பொறுமையான சிரிப்பு! "ஹெல்ப் பண்றதுக்குத்தான் சார். இந்த மாதிரி சில்ட்ரனுக்கு டமில்ல எக்ஸெம்ப்ஷன் கவர்ன்மென்ட்டே குடுக்குது. ஒரு லாங்குவேஜ் போதும். பர்டன் குறையும்."

அந்தச் சலுகை எனக்கும் தெரியும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, பரீட்சையில் ஒரு மொழித்தாள் வேண்டாம் என்று கேட்டால் கொடுப்பது. வேண்டியவர்களுக்கு நல்ல உதவி. இந்த ஆள் அதைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் சமையலறைக்குள் வந்துவிட்டார்.

"ஒரு பாஷை போதும்னு எங்களுக்கும் சொன்னாங்க சார். அது அவ அம்மாவுக்குத் தெரிஞ்ச பாஷையா இருக்கணும்னும் சொன்னாங்க. புள்ளைக்குத் தமிழ்ல எக்ஸெம்ப்ஷன் குடுத்துட்டீங்க. அவ அம்மாவுக்கு எதுல சார் குடுக்கப் போறீங்க?"

"லுக், சேரிட்டியாத்தான் சேத்தோம். திருப்தி இல்லன்னா ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு."

அதற்குப் பிறகு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. மஸ்கட்டில் இத்தனை வருஷம் சொல்ல முடியாமல் வாயில் தங்கிப்போன எல்லாத் தமிழும் வெளியே வந்தது. வாட்ச்மேன் ஓடிவந்தார். என்னைப் பிடிக்கத்தான் வந்தார், ஆனால் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் பிடித்தார்.

7

காது மெஷின் போட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, பள்ளிக்கே வரும் டீச்சர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். "பிரைவேட் ஸ்கூலா? அங்கெல்லாம் அனுப்ப மாட்டோம்" என்றார்கள். யார் அனுப்புவார்கள் என்று கேட்டேன். இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே சீட்டில் ஆள் இல்லை, நாற்காலியில் துண்டு இருந்தது. என் லீவு இப்படியே கரைந்தது.

ஆகவே பள்ளியை மாற்றினோம். நகராட்சி ஆரம்பப் பள்ளி, தமிழ் மீடியம். ஊரே சிரித்தது. "மஸ்கட்ல சம்பாதிச்சு முனிசிபல் ஸ்கூல்லயா சேக்கற? சொந்தக்காரங்க முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்றது?" என்று அக்கா அழுதாள். அவள் தலைக்கும் என் மகளின் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில், இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. பழைய பள்ளி டி.சி. தராமல் அலைய விட்டது. போ போ என்றவர்கள், போகிறேன் என்றதும் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

புதுப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு என்மேல் சந்தேகம். "ஃபாரின் ஆளு இங்க எதுக்கு சார் வர்றீங்க? எதுனா கேஸா?" என்று கேட்டார். மெஷினைக் காட்டினேன். "எங்ககிட்ட இதுக்குன்னு டீச்சர் கிடையாது சார். எப்பவாவது ஒருத்தங்க வருவாங்க. வந்தா உண்டு. நாங்க முடிஞ்சதைப் பண்றோம், முடியாததை முடியாதுன்னு சொல்லிடறோம்." இத்தனை நாளில் யாரும் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை.

வகுப்பறையில் பெஞ்சே இல்லை. அப்போதுதான் அரசுப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துச் சொல்லித்தரும் புது முறை வந்திருந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்க, டீச்சரும் அவர்களோடு தரையில் சம்மணம் போட்டிருந்தார். வட்டத்தில் கடைசி பெஞ்சு ஏது? எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் முகம் தெரியும். நஸ்ரினுக்காக யாரும் இதைச் செய்யவில்லை, யாருக்கோ போட்ட திட்டம் எங்களுக்கு வாய்த்தது. சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஹாலில் இரண்டு வகுப்பு, மழை பெய்தால் தகரக் கூரையின் இரைச்சலில் மெஷின் வேலைக்கு ஆகாது. அந்த வரும் டீச்சர் பெரும்பாலும் வராத டீச்சர்.

குரோம்பேட்டை தெரபிஸ்ட் மறுபடியும் பரிசோதித்துவிட்டு ஜரினாவைத் திட்டவில்லை. "இந்த வயசுல போன வருஷம் திரும்பி வராது அக்கா. இனிமே விடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது? காது கேட்கும் பிள்ளைக்கு வருஷம் வீணானால் ட்யூஷன் வைக்கலாம். ஜரினா அன்று ரயிலில் நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தாம்பரத்தில் இறங்கிப் படியேறும்போதே, "படி. இது படி. ஏறு, ஏறு. கால் வலிக்குதா?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

8

இப்போது நஸ்ரின் மூன்றாம் வகுப்பு. 'ச' இன்னும் முழுதாக வரவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளின் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டது. "எப்பப் பாரு இன்னா, இன்னாத்துக்குன்னு கேக்கறா மச்சான், வூடு வூடுங்கறா" என்று ஜரினா புலம்புகிறாள். போனில் நான் பேசுவது நஸ்ரினுக்குப் புரியாது, மெஷினில் போனை வைத்தால் கீச்சென்று கத்தும். அதனால் அவள் சொல்வதை நான் கேட்பேன், நான் சொல்வதை அவள் அம்மா எடுத்துச் சொல்வாள். வாரம் தவறாமல் இப்படித்தான் எங்கள் பேச்சு.

நேற்றும் கூப்பிட்டேன். செல்வராஜ் வீட்டு விஷயத்தைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ தட்டு வைக்கும் சத்தம்.

"கத்திரிக்கா வேணாம்" என்று நஸ்ரின் குரல்.

"நல்லதுடி, சாப்பிடு."

"வேணாம்."

"ஒரே ஒரு வாய்."

"வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது? காது கேக்குதா இல்லியா உனுக்கு?"

ஜரினா பிடித்துக்கொண்டாள். யாரைப் பார்த்துடி கேக்கறே, ஆக்கிப் போடற என்னையா கேக்கறே, அத்தா வரட்டும் சொல்றேன் என்று அவள் அடுக்க, இவள் விடாமல் பதிலுக்குப் பதில் கொடுக்க, சண்டை போனை விட்டு வெகுதூரம் சமையலறைக்குள் போய்விட்டது. என்னை இருவரும் மறந்தே போனார்கள். நான் லைனைத் துண்டிக்கவில்லை. பேசட்டும் என்று காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.